கொச்சி: படகும் துறையும் ஒரே மட்டத்தில்

ஜனவரி 16, 2025, வியாழன்

பொங்கல் விடுமுறைக்குக் கொச்சி போகலாமா என்று பேச்சு வந்ததும் டீச்சர் கேட்டது ஒன்றுதான். "உன் நாற்காலியோட நேரா ஏறிப் போற படகு அங்க இருக்காமே, நிஜமா?" அந்தப் படகுக்காகத்தான் கிளம்பினோம்.

எனக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் கிடையாது, சக்கர நாற்காலிதான். டீச்சர் என் கல்லூரித் தோழி. கோவையில் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். பிறவியிலிருந்தே பார்வை இல்லை, கையில் வெள்ளைக் கோல். கூட என் அக்கா மகன், நாங்கள் தம்பி என்று கூப்பிடுவது அவனைத்தான். கல்லூரியில் படிக்கிறான், கேட்ட இடத்தில் மட்டும் கை கொடுக்கத் தெரிந்த பையன். ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எர்ணாகுளத்தில் இறங்கி டாக்ஸி பிடித்தால் டிக்கி முழுக்க சிஎன்ஜி சிலிண்டர். மடித்த நாற்காலியை வைக்க இடமே இல்லை. இப்போது பாதி டாக்ஸிகள் இப்படித்தான், எந்த ஊரானாலும். டிரைவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கயிறு எடுத்து வந்து மேலே கேரியரில் கட்டினார். சக்கரத்தில் முடிச்சுப் போடாமல் சட்டத்தில் போடும்படி சொன்னேன். "மனசிலாயி" என்று சொல்லி அவிழ்த்து மறுபடி கட்டினார். நாற்காலிக்கென்று தனிக்காசு கேட்கவில்லை. லக்கேஜ் என்று நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் பழகிய எனக்கு அது பெரிய விஷயம்.

விடுதி விஷயத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். முன்பதிவு செய்யும்போது சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தார்கள். அதை மட்டும் நம்பாமல் போனும் செய்திருந்தேன். படி இல்லை, சாய்தளம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது என்றார்கள். எல்லாம் உண்மை. சாய்தளம் நல்ல சாய்தளம். லிஃப்டில் நாற்காலியோடு திரும்பவே முடிந்தது. அறைக் கதவும் அகலம். குளியலறைக் கதவுதான் 23 அங்குலம். என் நாற்காலி 25.

மேனேஜர் ஓடி வந்தார். நல்ல மனிதர், முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, "இவர் எடுத்து அகத்து இருத்தாம் சேச்சி" என்றார். குளியலறைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்க முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள். அவர் மனதில் துளிகூடத் தப்பு இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்றேன். கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கேட்டேன். கட்டிலிலிருந்து அதற்கு மாறி, டீச்சர் பின்னாலிருந்து இழுக்க, கதவைத் தாண்டிப் போனேன். நான் "இடது, இடது, நில்லு" என்று சொல்ல அவள் இழுத்தாள். என் கண்ணும் அவள் காலுமாகக் குளியலறைக்குள் போய்ச் சேர்ந்தோம்.

சாயங்காலம் மரைன் டிரைவ் நடைபாதை. பேர்தான் மரைன், எதிரே இருப்பது காயல். வெயில் இறங்கியும் புழுக்கம் விடவில்லை. சக்கர விளிம்பைத் தள்ளுகிற உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. ஒரு நுழைவாயிலில் பைக் வராமலிருக்கக் கம்பம் நட்டிருந்தார்கள். கம்பங்களுக்கு நடுவே இரண்டு அடிகூட இல்லை. அடுத்த வாயில்வரை சாலையோரமாகவே, ஆட்டோக்களுக்கு நடுவில் போனோம். பைக்கைத் தடுக்க நட்ட கம்பம் முதலில் தடுப்பது என்னைத்தான். எங்கள் ஊரிலும் இதே கதை.

பழம்பொரி 12 ரூபாய், சாயா 12 ரூபாய். கடைக்காரர் தம்பியைப் பார்த்து, "சேச்சிக்கு எந்தா வேண்டது?" என்றார். தம்பி பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தான். கடைக்காரருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அடுத்த கேள்வி நேரே என்னிடம் வந்தது, சர்க்கரை கூடவா குறைவா என்று. டீச்சரிடமும் அவளிடமே கேட்டார். அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

இன்றுதான் படகு.

வாட்டர் மெட்ரோ என்கிற இந்தப் படகுச் சேவை 2023 ஏப்ரலில் தொடங்கியது. காயலிலுள்ள பத்துத் தீவுகளை நகரத்தோடு இணைப்பது திட்டம். ஃபோர்ட் கொச்சிக்குப் போன வருஷம்தான் விட்டார்கள். ஹைகோர்ட் துறையிலிருந்து 40 ரூபாய் டிக்கெட். விடுமுறை என்பதால் வரிசை நீளம், அதில் பாதித் தமிழ்க்குரல். திருப்பூர்க் குடும்பம் ஒன்று சுற்றுலா வேனில் வந்திருந்தது. அந்த வீட்டுப் பாட்டி முழங்கால் வலியோடு என் பக்கத்திலேயே நின்றார்.

படகு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லியாக வேண்டும். இங்கே காயல் கடலோடு சேர்ந்தது, அலையேற்றத்தில் தண்ணீர் மட்டம் ஏறும், இறங்கும். சிமெண்டால் கட்டிய பழைய துறை அசையாது, படகுதான் ஏறி இறங்கும். அதனால் பழைய படகில் ஒரு நேரம் ஏறிக் குதிக்க வேண்டும், இன்னொரு நேரம் இறங்கிக் குதிக்க வேண்டும், நடுவில் ஓர் இடைவெளி, அதற்குக் கீழே தண்ணீர். வாட்டர் மெட்ரோவில் துறையே மிதக்கிறது. தண்ணீர் ஏறினால் துறையும் ஏறும், படகும் ஏறும், ஆகவே இரண்டும் எப்போதும் ஒரே மட்டம். கரையிலிருந்து மிதக்கும் துறைக்கு ஒரு பாலம், ஒரு முனையில் கீல் வைத்தது. மட்டம் மாறும்போது பாலத்தின் சாய்வு மட்டும் கொஞ்சம் கூடும், குறையும். நாங்கள் போன நேரம் சாய்வு மெதுவாக இருந்தது. கையாலேயே தள்ளிக்கொண்டு போனேன்.

படகு வந்து ஒட்டி நின்றது. கதவு திறந்தது. சீருடைப் பெண் ஒருவர் என்னிடம், "சகாயம் வேணோ சேச்சி?" என்றார். வேண்டாம் என்றேன். சரி என்று விலகி நின்றார். முன்சக்கரம் தாண்டியது, பின்சக்கரம் தாண்டியது, உள்ளே இருந்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. விபத்துக்குப் பிறகு நான் படகில் ஏறியதே இல்லை என்று சொல்ல முடியாது. ஏறியிருக்கிறேன், நாலு பேர் தூக்க, நாற்காலி தனியாக, நான் தனியாக, கரையில் கூடி நின்ற கூட்டம் பார்க்க. தூக்கியவர்கள் எல்லோரும் அன்பானவர்கள். கீழே போட்டுவிடுவார்களோ என்று மூச்சைப் பிடித்திருப்பேன், இறக்கி வைத்ததும் சிரித்து நன்றி சொல்வேன். இன்று யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருப்பூர்ப் பாட்டி எனக்குப் பின்னால் முழங்காலை மடக்காமல் நடந்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். இன்னொரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இது எங்களுக்கென்று தனியாகச் செய்த ஏற்பாடு என்று அந்தப் படகில் யாருக்கும் தோன்றியிருக்காது.

நூறு பேர் போகலாம், குளிர்சாதனம் உண்டு, பேட்டரியில் ஓடுகிறது. கட்டியது கொச்சிக் கப்பல் கட்டும் தளம். டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். "எஞ்சின் சத்தமே இல்ல, தண்ணி கிழியற சத்தம் கேக்குது பாரு" என்றாள். பழைய படகில் டீசல் இரைச்சலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே அவளுக்குத் தெரியாதாம். ஒரு பக்கம் வல்லார்பாடம், சரக்குக் கப்பல்கள், பெரிய கிரேன்கள். தம்பி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். இருபது நிமிஷத்தில் ஃபோர்ட் கொச்சி.

இறங்கினால் பக்கத்திலேயே சீன வலைகள். தேக்கும் மூங்கிலுமாகக் கட்டிய பெரிய சட்டம், அதன் நுனியில் தொங்கும் வலை, மறுமுனையில் எடைக்குக் கயிறு கயிறாகக் கட்டித் தொங்கவிட்ட கற்கள். எனக்குப் பார்க்க இருந்தது, டீச்சருக்குத் தொட வேண்டும். வலைக்காரர் ஒருவர் அவள் கையைப் பிடித்து இழுக்காமல், தன் முழங்கையை நீட்டினார். பலகைமேல் கூட்டிப் போய் ஒரு கல்லைத் தொட வைத்தார், கயிற்றைக் கொடுத்தார். எல்லோருமாக இழுத்தார்கள். வலை மேலே வந்தது. ஒரு கைப்பிடி மீன்கூட இல்லை, பாசிதான் நிறைய. இழுத்ததற்கு நூறு ரூபாய் கேட்டார்கள், கொடுத்தோம். "கல்லு எறங்கறப்ப கயித்துல தெரியுது, எடை மாறுறது" என்று அவள் வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். முழங்கையை நீட்ட அந்த மனிதருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. சாலை கடக்கும்போது அவளைக் கேட்காமல் கையைப் பற்றி இழுத்துப் போகிறவர்கள்தான் அதிகம்.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் தம்பி நாற்காலியைப் பின்சக்கரத்தில் சாய்த்து உள்ளே ஏற்றினான். இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் தேவாலயம், 1503 என்பது டீச்சருக்கு மனப்பாடம். வாஸ்கோ ட காமா 1524இல் கொச்சியில் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார், பிறகு எலும்புகளை லிஸ்பனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அவர் கல்லைச் சுற்றிக் கம்பி இருந்ததால் தொட முடியவில்லை. ஆனால் தரையிலிருந்த மற்ற கல்லறைப் பலகைகளை எப்போதோ பெயர்த்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள், ஒரு பக்கம் போர்ச்சுக்கீசியர், மறுபக்கம் டச்சுக்காரர். அங்கிருந்த பணியாளரிடம் கேட்டதும் மெதுவாகத் தொடச் சொன்னார். டச்சுப் பக்கம் எழுத்துகள் புடைத்து நிற்கின்றன. அவள் விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, வருஷத்தைப் படித்தாள். வகுப்பில் வருஷக்கணக்காக வாயால் சொல்லி வந்த காலம் அவள் விரலுக்கடியில் இருந்தது. நானும் தம்பியும் பேசாமல் நின்றோம். மேலே கையால் இழுக்கும் பழைய துணிப் பங்காக்கள் தொங்குகின்றன, அதை மட்டும் அவளுக்கு வர்ணித்துச் சொன்னோம்.

மதியம் சோறு. தடித்த மட்டை அரிசி, மீன் குழம்பு, பொரித்த அயிலை, குடிக்க இளஞ்சூட்டில், பதிமுகம் என்கிற மரக்கட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். மூவருக்கும் 420 ரூபாய். அந்தக் கடை வாசலில் சாய்தளம் இருந்தது, ஆனால் ஒன்றரை அடி உயரத்துக்கு நாலடி நீளத்தில். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதுதான் கணக்கு. இப்படிச் செங்குத்தாகப் போடுகிற சாய்தளத்தில் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் மல்லாந்துவிடும். நான் ஏறவில்லை. கடைப் பெண்மணி ஒரு மேசையைத் தூக்கி வந்து வெளியே மரநிழலில் போட்டார். தூங்குமூஞ்சி மரம், அத்தனை குளிர்ச்சி.

மூன்று மணிக்கு மேல் 'வெளி' என்கிற பகுதியிலுள்ள சலவைத்துறைக்குப் போனோம். அங்கே துவைக்கிறவர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்புத் துவைக்கக் கூட்டி வந்தவர்களின் வழி என்கிறார்கள். இரண்டு கயிறுகளை முறுக்கி, முறுக்கின் நடுவே துணி முனையைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப்பே கிடையாது. தொட்டிகளுக்கு நடுவே பாதை ஈரமும் குறுகலுமாக இருந்ததால் நான் இஸ்திரிக் கொட்டகையிலேயே இருந்துகொண்டேன். ஒரு பாட்டி, "எந்தூரு கண்ணு?" என்றார். அவர் தமிழில் மலையாளத்தின் இழுவை இருந்தது. கோயம்புத்தூர் என்றதும், "அங்கெல்லாம் நாங்க போனதே இல்ல, தமிழ் மட்டும் விடல" என்றார். காலுக்கு என்ன ஆச்சு என்று நேராகக் கேட்டார், சொன்னேன். அச்சச்சோ என்று உச்சுக்கொட்டாமல் அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

ஜனவரி 18, சனி

காலையில் தலைவலி, வெயில்தான் காரணம். பத்து மணிக்கு மேல்தான் கிளம்பினோம். டாக்ஸி மட்டாஞ்சேரிக்கு 450 ரூபாய் சொன்னது, இந்தமுறை டிக்கி காலி.

அரண்மனை போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, டச்சுக்காரர் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் நின்றுவிட்டது. பார்க்க வேண்டியதெல்லாம் மாடியில். படிகள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். உடனே நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், இரண்டு பேர் காவலுக்கு இருப்பவர்கள், இரண்டு பேர் சும்மா சுற்றிப் பார்க்க வந்த வடநாட்டு இளைஞர்கள். தூக்குகிறோம், ஒன்றும் ஆகாது என்கிறார்கள். அந்த முகங்களைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வது சுலபமில்லை. வேண்டாம் என்றால் கோபமோ என்று நினைப்பார்கள், சிலர் வற்புறுத்தவும் செய்வார்கள். மரப்படி, நாற்காலியும் நானுமாக 70 கிலோ, ஒருவர் கால் இடறினால் எனக்கு இன்னொரு எலும்பு போகும். கீழேயே இருக்கிறேன் என்று கைகூப்பினேன்.

டீச்சரும் தம்பியும் போனார்கள். முக்கால் மணிநேரம் கழித்து வந்தார்கள். வந்தவள் என் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணமாம். தசரதன் வேள்வியில் தொடங்கி ராமன் அயோத்திக்குத் திரும்புகிறதுவரை. தம்பி ஒவ்வொரு சுவராக நின்று விவரித்திருக்கிறான், இவள் குறுக்குக் கேள்வி கேட்டே அவனைப் பார்க்க வைத்திருக்கிறாள். சிவப்பும் காவியும்தான் அதிகமா? இடம் விடாமல் நெருக்கியடித்து வரைந்திருக்கிறார்களா? கண்கள் எல்லாம் ஒரே மாதிரி நீளமா? ஒரு படத்தில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருக்கிறார்களாம், அது எந்தக் காட்சி என்று இருவரும் வாதாடியிருக்கிறார்கள். மாடியிலிருக்கும் ஓவியத்தைப் பார்வையில்லாதவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பார்வையிருக்கிற எனக்குக் கீழே உட்கார்ந்து சொல்கிறாள். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பழைய கட்டடத்தை இடித்து லிஃப்ட் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் அந்தச் சுவர்களின் பெரிய நிழற்படங்களை வைக்கலாம். தொட்டுப் பார்க்க ஒன்றிரண்டு காட்சிகளைப் புடைப்பாகச் செய்து வைத்தால் டீச்சருக்கு தம்பியின் கண்ணை நம்பியிருக்க வேண்டியதில்லை. இதற்குப் பெரிய செலவு ஆகாது.

அப்புறம் யூதர் தெரு. பரதேசி யூதக்கோயில் 1568இல் கட்டியது, சனிக்கிழமை மூடியிருக்கும் என்று தெரிந்துதான் வந்தோம், மணிக்கூண்டை வெளியிலிருந்து பார்த்தோம். டீச்சருக்கு அந்தத் தெரு வாசனைகளால் விரிந்தது. சுக்கு, மிளகு, ஏலம், அத்தர், பழைய மரச்சாமான் மெழுகு, ஒவ்வொரு கடையையும் உள்ளே போகாமலே சொன்னாள். மூட்டை மூட்டையாகச் சுக்கு காய்ந்துகொண்டிருந்த ஒரு கிடங்கின் முன்னால் அவளை அங்கிருந்து கிளப்பவே முடியவில்லை.

அங்கேதான் என் இடது டயர் போனது. கண்ணாடித் துண்டு. அரை மணிநேரம் தம்பி நாற்காலியை ஒரு பக்கம் தூக்கியபடியே தள்ளினான். பஜார் சாலையில் ஒரு சைக்கிள் கடை கிடைத்தது. மெக்கானிக் முதியவர், தாடியெல்லாம் நரைத்தவர். நாற்காலியில் நான் இருக்கும்போது சக்கரத்தைக் கழற்ற முடியாது என்பதால் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, என்னை ஒன்றும் கேட்காமல் திரும்பி நின்றுகொண்டார். தம்பி உதவ மாறி உட்கார்ந்தேன். அப்புறம்தான் திரும்பினார். ட்யூபை எடுத்துத் தொட்டியில் முக்கி இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார், பஞ்சர் ஒட்டினார், நான் சொல்லாமலே முன்சக்கரத்தில் சுற்றியிருந்த முடியையும் நூலையும் கத்தியால் அறுத்தெடுத்து எண்ணெய் விட்டார். 60 ரூபாய். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. முன்சக்கரம் இந்த ஒரு வருஷத்தில் இத்தனை லேசாக உருண்டதில்லை.

பிரியாணி, சின்ன அரிசி கைமா, 190 ரூபாய், அருமை. சாப்பிட்ட இடத்தில் கழிவறைக் கதவில் சக்கர நாற்காலிப் படம் பார்த்து நிம்மதியாகப் போனால் பூட்டு. சாவி வைத்திருப்பவர் தொழுகைக்குப் போயிருக்கிறார். வந்து திறந்தால் உள்ளே விளக்குமாறு, தண்ணீர் கேன்கள், உடைந்த மேசை விசிறி. பரிமாறுகிற பையன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான். பத்து நிமிஷம் ஆனது. எங்களைப் போன்றவர்கள் வெளியூர் போனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருப்பதற்கு இதுதான் காரணம். சிறுநீர்ப்பைத் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பெண்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும். கட்டிவிட்டுப் பூட்டி வைத்த கழிவறை எங்களுக்குப் பயன்படாது.

இரவு விடுதி மேனேஜர் ஒரு தச்சரோடு வந்தார். கதவை மாற்றப் போகிறாராம், எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். 36 அங்குலம் என்றேன். 30 போதாதா என்றார். நாற்காலி தள்ளுகிற கை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், போதாது என்றேன். உள்ளே திறக்கிற கதவாக இருந்தால் நான் விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது, வெளிப்பக்கம் திறக்கட்டும். வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டிய அரையடித் திட்டு வேண்டாம், தரையைச் சாய்வாக்கினால் போதும். நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம். தச்சர் எல்லாவற்றையும் பென்சிலால் கதவின் மேலேயே எழுதிக்கொண்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் கொஞ்ச தூரம் மெட்ரோ ரயில். லிஃப்ட், அகல வாயில், தரையில் பார்வையற்றோருக்கான மஞ்சள் புடைப்புக் கோடு எல்லாம் ஒழுங்கு. டீச்சர் தனியாகவே நடைமேடைவரை போய் நின்றாள். வெளியே சாலை நடைபாதையிலும் அதே மஞ்சள் கோடு தொடர்ந்தது. அதை நம்பி நடந்தவளின் கோல் ஒரு மின்பெட்டியில் போய் இடித்தது. கோடு பெட்டிக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து போய்க்கொண்டிருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புடைப்பு அவளுக்கு வழி, என் சின்ன முன்சக்கரத்துக்குக் குலுக்கல். சாலையும் நடைபாதையும் ஒரே மட்டமாகச் சேர்ந்தால் எனக்குச் சுகம், அவளுக்கு எங்கே சாலை தொடங்குகிறது என்றே தெரியாது. ஆகவே இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு யோசித்தால்தான் சரிவரும். நாங்கள் இருவரும் நடைபாதையின் இரு ஓரங்களில் போனோம்.

வைப்பின் தீவுக்கு வாட்டர் மெட்ரோ, 20 ரூபாய். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ரோரோ. வண்டிகள் அப்படியே உருண்டு ஏறி, அக்கரையில் உருண்டு இறங்குகிற இரும்புப் படகு, 2018இல் விட்டது. முன்பக்க இரும்புப் பலகை கரைமேல் சாய்ந்து இறங்கியதும் கார், ஆட்டோ, பைக், மீன்கூடை வைத்த ஸ்கூட்டர், நடுவில் நான். லாரி ஏறுவதற்காகச் செய்த பலகை, அதில் என்னால் ஏற முடியாதா என்ன. பலகை முனையில் மட்டும் ஒரு சின்ன உதறல். ஆட்டோக்காரர் ஒருவர் எஞ்சினை அணைத்துவிட்டு நான் முன்னால் போக வழிவிட்டார். கடக்க ஐந்து நிமிஷம். டீச்சர் இரும்புத் தரையில் கோலைத் தட்டித் தட்டி எவ்வளவு பெரிய படகு என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். லாரிக்கு வழி செய்ய ஒருவரும் தயங்கவில்லை என்பதை அந்தப் பலகைமேல் உட்கார்ந்துதான் யோசித்தேன்.

கடற்கரையில் கடைசியாகக் கொஞ்ச நேரம். நடைபாதையில் தளக்கல் சில இடங்களில் பெயர்ந்து கிடந்தது, ஓரங்களில் ஆகாயத்தாமரை ஒதுங்கிக் காய்ந்து நாறியது. மணலில் இறங்க வழியில்லை. தம்பி நாற்காலியைத் திருப்பி, முன்சக்கரத்தை மேலே தூக்கி, பின்னோக்கி இழுத்துப் பார்த்தான். ஈர மணல்வரை போய்விட்டால் பிறகு சுலபம், ஆனால் காய்ந்த மணலில் பத்தடிக்குள் அச்சுவரை புதைந்தது. கடல்காவலர் இருவர் வந்து தூக்கட்டுமா என்றார்கள். இங்கேயே போதும் என்றேன். டீச்சர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு அலைக்குப் போய் வந்தாள். குலுக்கி சர்பத் 40 ரூபாய், அதைக் குடித்தபடி அவள் கேட்டாள், "மெரினால மரப்பாதை போட்டாங்களே, நீ ஏன் இன்னும் போகல?"

நியாயமான கேள்வி. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர், மணல்மேல் கடலுக்குப் பக்கம்வரை. 2022 நவம்பர் 27இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் வருஷத்தில் சில நாள் மட்டும் தற்காலிகமாகப் பாதை போடுவார்கள், நிரந்தரப் பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்கில் கேட்டு வாங்கியது. திறந்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து அன்று நான் அழுதது டீச்சருக்குத் தெரியும்.

ரயிலில் ஏறும்போது நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே முக்காலடி உயரம். இரண்டு போர்ட்டர்களும் தம்பியுமாகத் தூக்கினார்கள், 200 ரூபாய். பாலக்காடு தாண்டும்போது டீச்சர் தேதியே குறித்துவிட்டாள், கோடை விடுமுறை முதல் வாரம், சென்னை. உங்களில் யாராவது சமீபத்தில் சக்கர நாற்காலியில் மெரினா மரப்பாதைக்குப் போயிருந்தால் எனக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள்: பாதை முனையிலிருந்து தண்ணீர் கைக்கு எட்டுகிறதா, பக்கத்திலுள்ள கழிவறை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்.